வானவலவருக்கு எடுத்த ஊர்வலம்

வரவேற்பு மடல் எழுதுகிறவன் வாழ்த்த வேண்டும், ஐயுறக் கூடாது. இந்த விதிக்கு நான் என்றுமே பொருந்தியவனல்லன். பழைய ஏடுகளை ஒப்புநோக்கியே என் இளமை கழிந்தது. இரண்டு படிகள் ஒன்றுபோலச் சொல்லாத எதையும் மெய்யென்று கொள்ளாத மனம் அதனால் வந்தது. ஏடுகளுக்கு அது நல்ல பழக்கம். மனிதர்களோடு பழகுவதற்கு அவ்வளவு நல்லதன்று.

காஞ்சிபுரத்தில் நான் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியனாக இருந்த காலம் அது, அறுபதுகளின் பிற்பகுதி. ஒருநாள் மாலை பெரிய பட்டுக்கடை ஒன்றின் உரிமையாளர் என் வீடு தேடி வந்தார். நாற்காலியில் அமர்வதற்கு முன்பே செய்தியைச் சொல்லிவிட்டார்.

“புலவரே, ஒரு பெரிய மனுஷர் நம்ம ஊருக்கு வராரு. இந்தத் தேசத்துல மொதமொதல்ல ஏரோப்ளேன் ஓட்டினவங்கள்ல ஒருத்தரு. அந்தக் காலத்துல நம்ம தாமல் ஏரியில எறங்கி, மறுநாள் ஏறிப் போனவரு. நாலு ராஜவீதியும் ஊர்வலம் உட்றோம். கமிட்டிக்கு நாந்தான் தலைவரு. மடல் நீங்க எழுதணும்.”

“தாமலில் இறங்கியவர் இவர்தாம் என்பதற்குச் சான்று உண்டா?” என்று கேட்டேன்.

“அவரே வராரு. அதவிட இன்னா சான்று வேணும் புலவரே?”

வருகிறவர் தமக்குத் தாமே சான்றாக மாட்டார் என்று எண்ணியபடியே மடலுக்கு ஒப்புக்கொண்டேன். ஆனால் ஐயம் அந்த நொடியிலேயே முளைத்துவிட்டது. நகராட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கடைக் கண்ணாடிப் பேழையில் சில கிழமைகளுக்கு முன்பே புதுவகைச் சேலை ஒன்று தொங்கத் தொடங்கியிருந்தது. உடல் முழுதும் ஜரிகையில் சின்னஞ்சிறு வானூர்திகள். அதை நெய்த தறிக்காரர்களில் எவரும் வானூர்தியை அருகில் கண்டவரல்லர். ஆதலால் அவை கொழுத்த மீன்களைப் போல இருந்தன. மீன் புட்டா என்று எண்ணியே பலர் வாங்கிச் சென்றதாகக் கேள்வி. சேலை முன்னே வந்து, வீரர் பின்னே வருகிறாரே என்பது என்னை உறுத்தியது.

வானூர்தி செலுத்துபவரை மடலில் ‘வானவலவர்’ என்று எழுதத் தீர்மானித்தேன். அந்தச் சொல்லுக்குத் தகுதியானவர்தாமா என்பதை அறிய, அடுத்த ஞாயிறன்று பேருந்தேறித் தாமலுக்குப் போனேன்.

கோடையில் அந்தப் பேரேரி நீரில்லாமல் வெடித்துக் கிடந்தது. கரையோரத் தேநீர்க் கடையில் நாலைந்து பேர் அமர்ந்திருந்தார்கள். முன்னொரு காலத்தில் இங்கே வானூர்தி இறங்கியதுண்டா என்று வினவினேன். ஒருவர் என் குடையையும் மடித்த வேட்டியையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க போலீஸ் ஸ்டேஷனா, தாலுகாபீஸா?”

“பள்ளிக்கூடம்.”

“பள்ளிக்கூடத்துக்கு இன்னாத்துக்கு ஏரோப்ளேனு?”

மூலையில் இருந்த இளைஞர் சிரித்தார். “கடைசி வீட்டுல போயி கேளுங்க சார். அந்தப் பெருசுதான் அத மடிச்சு பொட்டியில வச்சிக்கினு இருக்குது.” கடையே சிரித்தது. கேலியின் பொருள் எனக்கு விளங்கவில்லை. அதில் நஞ்சு இருந்தது என்பது மட்டும் விளங்கியது.

கடைசி வீட்டு வாசலில் நாற்பதை எட்டிய பெண் ஒருவர் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் கை நின்றது.

“மறுபடியும் பொட்டியைக் கேட்டுக்கினு வந்துட்டீங்களா? எங்கப்பாவைக் கட்டையில வச்சப்புறமாச்சும் உடுவீங்களா, மாட்டீங்களா?”

உள்ளிருந்து, “யாரும்மா? உள்ள வரச் சொல்லு” என்றொரு குரல் வந்தது. எழுபதை நெருங்கிய உழவர் அவர். எலும்பும் நரம்புமான உடம்பு. நான் பள்ளி ஆசிரியன், மடல் எழுதுகிறவன், வேறொன்றும் இல்லை என்று உறுதி கூறிய பின்பே அவர் வாய் திறந்தார்.

அவருடைய வாலிபத்தில் நடந்தது அது. இதேபோலக் காய்ந்து கிடந்த ஏரியில் ஒரு நண்பகலில் வானூர்தி வந்து இறங்கியது. சக்கரம் சேற்று வெடிப்பில் சிக்கிக்கொண்டது. உள்ளிருந்து இறங்கிய மெலிந்த இளைஞர் இரவு ஊரில் தங்கினார். ஊருக்குத் தண்ணீர் காக்கும் குடும்பமாயிற்றே என்று, வானூர்திக்குக் காவலாக இவரைப் படுக்க வைத்தார்கள். ஏரி மதகைத் திறந்து அடைக்கும் பொறுப்பு அப்போது இவர்கள் குடும்பத்திடம் இருந்தது.

“காத்தால ரெண்டு ஜோடி மாடு கட்டி கெட்டித் தரைக்கு இழுத்தோம் வாத்யாரே. மிஷின முடுக்கினாரு. அது உறுமுது, மண்ணு பறக்குது. வாலைப் புடிச்சிக்கோன்னு கையால காட்டினாரு. நாங்க நாலஞ்சு பேரு வாலைப் புடிச்சிக்கினு குந்தினோம். அவரு திரும்பிப் பாத்துக் கையைத் தூக்கினா உட்டுடணும். தூக்கினாரு. உட்டோம். போய்ட்டாரு. நாலு நாள் பொறுத்து போலீஸ் வந்துது.”

வானூர்தியிலிருந்த திசைகாட்டிப் பெட்டி தாமலில் களவு போனதாக முறையீடு. காவலுக்குப் படுத்தவர் இவர். கையில் விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள், பெட்டி கிடைக்காததால் விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. பெட்டியை எடுத்தவன் தண்ணீரை எடுக்க மாட்டானா என்று கேட்டு, மதகுப் பொறுப்பை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு பஸ்ஸை உட்டு எறங்கறப்பவே சேதி சொல்லிடுவாங்க சார்” என்றார் மகள். “பொட்டி வூடுன்னாதான் எங்க வூடு எதுன்னே தெரியும்.”

முதியவர் என்னை நேராக நோக்கினார். “அவரு வரட்டும். நான் எடுக்கலன்னு ஊரு முன்னாடி அவரு வாயால ஒரு வார்த்தை வரணும். அது போதும் எனக்கு.”

திரும்பும் வழியெல்லாம் எனக்கு இருவேறு பாடங்கள் தோன்றின. குற்றமற்றவராதலால் இந்த வேட்கை என்பது ஒன்று. குற்றம் செய்தவர் தம் பழியைக் கழுவ நல்ல வாய்ப்பு வந்ததென்று பாய்கிறார் என்பது மற்றொன்று. இரண்டும் அவர் முகத்துக்குப் பொருந்தின. அவரையும் நான் ஐயுற்றேன்.

ஊர்வலத்தன்று காலை பயணியர் விடுதியில் வானவலவரைக் கண்டேன். வெண்ணிறக் கோட்டு, நிமிர்ந்த முதுகு, முதுமையிலும் அழகிய மனிதர். தாமல் ஏரியில் இறங்கியது நினைவிருக்கிறதா என்று பணிவுடன் கேட்டேன். “ரொம்ப சந்தோஷம்” என்றார். எந்த ஆண்டென்று கேட்டேன். “ரொம்ப சந்தோஷம்.” உடனே குழுத் தலைவரான பட்டுக்கடைக்காரர் இடையே புகுந்து, “பெரியவருக்குக் களைப்பு, புலவரே. அப்புறமா பேசலாம்” என்று என்னை வெளியே நகர்த்தினார்.

முற்றத்தில் எல்லாரும் நின்றபோது வானூர்தி ஒன்று தாழப் பறந்து சென்றது. விடுதிச் சமையற்காரர் முதல் மாலை கட்டுகிறவர் வரை அனைவரும் அண்ணாந்து பார்த்தோம். ஒருவர் மட்டும் பார்க்கவில்லை. வாழ்நாளெல்லாம் வானில் திரிந்தவர் என்று யாரை அழைத்து வந்தோமோ, அவர் தம் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தார். இவர் பறந்தவரல்லர், பறந்ததாகச் சொல்லி உண்டு திரிபவர் என்று அப்போதே முடிவுகட்டினேன். கையிலிருந்த மடல் கனத்தது.

ஊர்வலத்துக்குத் திறந்த மகிழுந்து ஒன்றைத் தந்தவர் நகரத்து இசுலாமிய வணிகர். திருமண ஊர்வலங்களுக்கென்று அவர் வைத்திருந்த வண்டி; பிறர் ஓட்ட விடமாட்டார், தாமே ஓட்டுவார். வண்டிக்கு முன்னே நாகசுரமும் தவிலும் போயின. அங்கேதான் குழு பிழை செய்தது. கோயில் உலாவுக்கு வாசிக்கும் மேளக்காரர்களையும், கோயில் குடை பிடிப்பவர்களையும் அமர்த்திவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த உலா ஒன்றுதான். வலமாகச் சுற்ற வேண்டும். எந்த வாசலிலிருந்து தட்டு நீட்டப்பட்டாலும் நிற்க வேண்டும். கற்பூரம் அணைந்த பின்பே நகர வேண்டும். தெருப் பெண்களுக்கும் அவ்வாறே. குடையைக் கண்டார்கள்; தேங்காய்த் தட்டோடு வந்துவிட்டார்கள்.

எனவே வீட்டுக்கு வீடு நின்றோம். கற்பூரத்தை வானவலவர் முகத்துக்கு நேரே காட்டினார்கள். அவர் உற்சவமூர்த்தியைப் போல அசையாமல் அமர்ந்து, “ரொம்ப சந்தோஷம்” என்று அருள்பாலித்தார்.

“இப்டியே போனா அடுத்த வருஷ கருட சேவைக்குத்தான் வரவேற்புப் பந்தல் போயி சேருவோம்” என்று குழுத் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். நகரச் சொல்லி மேளக்காரரை நெருக்கினார். நாகசுரக்காரர் வாயிலிருந்து கருவியை எடுத்து, “தட்டு நிக்கிறப்ப தாண்டிப் போற வழக்கம் எங்களுக்கு இல்லீங்க முதலாளி” என்று கூறி மீண்டும் ஊதினார்.

நான் வண்டியை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். வணிகர் குனிந்து மெல்லிய குரலில் சொன்னார்: “வாத்யார் சாப், இவருக்கு ரெண்டு காதும் கேக்காது. இவ்ளோ நேரமா ஆரன் அடிக்கிறேன், கண்ணுகூட சிமிட்டல. அந்தக் கால மிஷின் சத்தம் தின்னுட்டுது போல. கமிட்டிக்காரருக்குத் தெரியும். மறைக்கறாரு.”

காலையில் நான் கட்டிய முடிவு ஆட்டங்கண்டது. ஆனாலும் காதுகேளாமை ஒருவரைப் பறந்தவராக்கிவிடாது என்று என் ஐயத்தை வேறிடத்தில் ஊன்றிக்கொண்டேன்.

மேற்கு ராஜவீதித் திருப்பத்தில் ஒரு தட்டு நீண்டது. தாமல் முதியவரும் அவர் மகளும் நின்றிருந்தார்கள். மேளம் நின்றது, குடை நின்றது, வண்டி நின்றது. தட்டோடு நிற்பவரைத் தாண்டித் தலைவரே விரும்பினாலும் மேளம் போகாது என்பதை முதியவர் அறிந்து வந்திருந்தார். கூட்டத்தில் தாமலிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பலர் இருந்தார்கள். தேநீர்க் கடை இளைஞரையும் கண்டேன்.

முதியவர் தட்டை மகளிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “ஐயா, தாமல் ஏரி. திசை பாக்கற பொட்டி. நான் எடுத்தேன்னு நீங்க சொன்னீங்களா?”

“ரொம்ப சந்தோஷம்” என்றார் வானவலவர், புன்னகையோடு.

கூட்டத்தில் சிலர் நகைத்தார்கள். மகளின் முகம் சிவந்தது. “சந்தோஷமாம்ல! கேட்டியாப்பா? அடி வாங்கினது நீ, சந்தோஷம் அவருக்கு!”

“கற்பூரம் அணைஞ்சிடுச்சி, நகருங்க, நகருங்க” என்று குழுத் தலைவர் வண்டியின் முன்புறத்தைத் தட்டினார். வண்டி உருண்டது. நான் முதியவரிடம், அவருக்குக் காது கேளாதென்று சொல்ல முனைந்தேன். அவர் என்னைத் தாண்டி விரைந்தார். வண்டியின் பின்புறத்தை இரு கைகளாலும் பற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றி, அப்படியே குந்தினார்.

வண்டி உறுமித் திணறியது. “அரே, யாருப்பா அது?” என்று வணிகர் வேகத்தைக் குறைத்தார். அதிர்வை உணர்ந்து வானவலவர் திரும்பினார். பின்னே, புழுதியில், பற்களைக் கடித்தபடி பற்றியிருக்கும் கிழவரைக் கண்டார். நெடுநேரம் உற்று நோக்கினார். பிறகு அவருடைய வலக்கை, யாரும் சொல்லாமல், தோளுக்கு மேலே உயர்ந்தது.

முதியவர் கையை விட்டார்.

அந்தத் தெருவில் அது என்னவென்று அறிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். இரண்டு படிகள் ஓரெழுத்தும் பிழையாமல் ஒத்திருந்தன. இவர் பறந்தவர்; அவர் பற்றியவர்.

“தாமல்!” என்று வானவலவர் கத்தினார். தம் குரலைத் தாமே கேளாதவர்களுக்கு உரிய பெருங்குரல்.

முதியவர் எழுந்து, இரு கைகளாலும் காற்றில் ஒரு சதுரம் வரைந்தார். அதனுள் ஒரு விரலை முள்போல நடுங்க விட்டார். பின்பு தம் மணிக்கட்டுகள் இரண்டையும் சேர்த்து, விலங்கிட்டதுபோல உயர்த்திக் காட்டினார். வானவலவர் முகத்திலிருந்த அழகெல்லாம் வடிந்தது. “உன்னையா? உன்னையா புடிச்சாங்க?” என்றார். முதியவர் தலையசைத்தார்.

குழுத் தலைவர் கூர்மையானவர். வரப்போவது தமக்கு ஆகாத சொல் என்று உணர்ந்தார். மணமேடையில் தீச்சொல் எதுவும் காதில் விழாதிருக்கக் கெட்டிமேளம் கொட்டச் சொல்வார்களே, அதைப் போல விரலை ஆட்டி, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கூவினார். விரல் ஆடினால் கொட்டுவது தவில்காரர் பழக்கம். கொட்டினார்கள். தெரு அதிர்ந்தது. வானவலவரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

ஆனால் மேளம் கொட்டுவது அவருக்குத் தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். தலைவர் விரலை ஆட்டிக்கொண்டே இருந்தார். காலையிலிருந்து வெயிலில் வாசித்தவர்களின் தோள் எவ்வளவு தாங்கும்? ஒரு தவில் தளர்ந்தது, மற்றதும் ஓய்ந்தது. திடீரென்று விழுந்த அமைதியில் அவர் குரல் தெருவின் இரு மருங்கும் மோதியது.

“பொட்டி எறங்கறப்பவே உடைஞ்சு போச்சு! கம்பெனி சொத்து அது! வேலை போயிடும்னு பயந்து நான்தான் ராத்திரி கெணத்துல போட்டேன்! திருடு போச்சுன்னு எழுதிக் குடுத்தேன்! யாரைப் புடிப்பாங்கன்னு நான் நெனச்சே பாக்கல!”

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த பெண் ஒருவர், “அடப்பாவி மனுஷா” என்றார்.

முதியவர் அழவில்லை, கைகூப்பவுமில்லை. மகளிடமிருந்த தட்டிலிருந்து தேங்காயை எடுத்துத் தம் துண்டில் முடிந்துகொண்டார். “வாம்மா” என்று ஓரமாக நடந்தார்.

வண்டி மெல்ல நகர்ந்தது. அதன்பின் நான் கண்டதை இன்றும் வியக்கிறேன். எவரும் ஆணையிடவில்லை. எதிரே வாசல்தோறும் தட்டேந்தி நின்ற பெண்கள், ஒருவர் பின் ஒருவராக, வண்டி தம் வீட்டை நெருங்குமுன் உள்ளே போய்விட்டார்கள். நிற்பதற்கு ஒரு தட்டும் இல்லாமல் மேளமும் குடையும் விரைந்து போயின. பந்தலுக்கு வெகு முன்னதாகவே போய்ச் சேர்ந்ததாக வணிகர் பின்னர் சொன்னார். மடல் என்னிடமே தங்கிவிட்டது. தலைவர் மனப்பாடமாக ஏதோ பேசிச் சமாளித்தாராம். தேர்தலில் அவர் வென்றார் என்பதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

நான் முதியவரோடு பேருந்து நிலையம் வரை நடந்தேன். என்னுள் புதியதோர் ஐயம் புகுந்து அரித்துக்கொண்டிருந்தது. வானவலவர் ஊர் கேட்க வேண்டுமென்றா உரைத்தார்? தம் குரலின் அளவை அறியாதவர் அவர். அந்த ஒருவர் செவிக்கு மட்டும் கமுக்கமாகச் சொல்வதாகவே எண்ணியிருக்கலாம். அப்படியாயின் ஊர் முன் ஒப்பும் துணிவு அவருக்கு அன்றும் வரவில்லை. செவிட்டுத்தன்மை வரவழைத்த உண்மை அது. இதை முதியவரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்தான்.

“எப்டி வந்தா இன்னா வாத்யாரே? வந்துது. ஊரு காதுல உழுந்துது. உள்ள நெனச்சது அவரு பாடு” என்றார் அவர்.

“நீங்க ஒருத்தரு” என்று மகள் என்னைப் பார்த்தார். “நல்லது நடந்தாக்கூட மோந்து பாத்துதான் எடுப்பீங்க போலருக்குது.”

தாமல் பேருந்து நிரம்பியிருந்தது. ஏறியவர்களில் பாதிப் பேர் ஊர்வலம் பார்த்துத் திரும்புகிறவர்கள். முதியவர் படியேறியதும் முன்னிருக்கையில் இருந்த நடுவயதுக்காரர் எழுந்தார். அவர் யாரென்று மகள் என் காதில் சொன்னார்: மதகுப் பொறுப்பு இப்போது இருக்கும் குடும்பத்தவர்.

“குந்துங்க மாமா” என்றார் அவர். அந்த உறவுச் சொல் அவர் வாய்க்குப் பழக்கமில்லை என்பது கேட்டாலே தெரிந்தது.

முதியவர் அமர்ந்தார். மன்னிப்பையோ ஆறுதலையோ அவர் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தவரிடம் திரும்பி, பேருந்து முழுதும் கேட்கும் குரலில் பேசினார்.

“ஏம்பா, பெரிய மதகுப் பலகை அடியில உளுத்துக் கெடக்குது. போன வருஷமே தண்ணி கசிஞ்சி ஓடிச்சி. பாத்துக்கினேதான் இருந்தேன். என் வாயால சொல்லக்கூடாதுன்னு சும்மா இருந்தேன். மழைக்கு முன்ன மாத்தலன்னா கடைமடைக்காரன் நாத்து உடறதுக்கே தண்ணி இருக்காது.”

நின்றவர் கம்பியைப் பிடித்தபடி தலைகுனிந்து கேட்டார். பின்னிருக்கையிலிருந்து ஒருவர், “பலகைக்கு இன்னா மரம் மாமா போடலாம்?” என்றார்.

“வேலம் போடாத. வேங்கை பாரு. கெடைக்கலன்னா தேக்கு” என்று முதியவர் சொல்லத் தொடங்கினார். நடத்துநர் ஊதலை ஊதினார். பேருந்து புறப்பட்டபோதும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.